நீர் இசைவும் பங்கு மதிப்பும்: பான நிறுவனங்களில் முதலீட்டுக்கு முந்தைய ஆய்வு, ஜொகூரை முன்வைத்து

1. முன்னுரை

பானம் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நிலம், கட்டடம், இயந்திரம், இருப்புச் சரக்கு, வணிகப் பெயர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ரிங்கிட்டில் ஒரு மதிப்பு இடப்பட்டிருக்கும். ஆனால் அந்நிறுவனம் விற்கும் பண்டத்தின் பெரும்பகுதியாகிய நீருக்குத் தனி வரி ஒன்று அந்தக் கணக்கில் பெரும்பாலும் இராது. நீர் எங்கிருந்து வருகிறது, எந்த உரிமத்தின் பேரில் எடுக்கப்படுகிறது, அந்த உரிமம் எப்போது முடிகிறது, நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்னும் வினாக்களுக்கு விடை தெரியாமலேயே, உற்பத்தி இரட்டிப்பாகும் என்ற அறிவிப்பை மட்டும் நம்பிப் பங்கு வாங்குவோர் பலர். விற்பனைக் கணக்கையும் இலாப விகிதத்தையும் நுணுகிப் பார்க்கும் முதலீட்டாளர்கூட நீரைத் தடையின்றிக் கிடைக்கும் ஒன்றாகவே கொள்கிறார்.

இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து ஒன்றே. பான நிறுவனம் ஒன்றின் நீர் உரிமை என்பது காலமும் அளவும் நிபந்தனையும் கொண்ட ஓர் இசைவு. அந்த இசைவு இடம் தரும் அளவுக்கு மேல் எந்த விரிவாக்கக் கூற்றுக்கும் பொருள் இல்லை. ஆகவே முதலீட்டுக்கு முந்தைய ஆய்வு, அதாவது பணம் கைமாறுவதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கூற்றுகளை ஆவணங்களோடும் நேரில் காணும் நிலையோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணி, பான நிறுவனத்தைப் பொறுத்தவரை நீரிலிருந்தே தொடங்க வேண்டும். இக்கருத்து ஜொகூர் மாநிலத்தின் சட்டநிலையையும் நீர்நிலையையும் கொண்டு முதலில் விளக்கப்பட்டு, இந்தியாவிலும் மெக்சிகோவிலும் நிகழ்ந்த நான்கு நிகழ்வுகளின் வழியே பின்னர் சோதித்துப் பார்க்கப்படுகிறது.

2. ஜொகூரில் நீர் யாருடையது

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் ஆறுகளும் கால்வாய்களும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தீபகற்ப மாநிலங்களின் நீர் விநியோகத்தையும் அதன் சேவைகளையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதைத் தொடர்ந்து 2006இல் நீர்ச் சேவைத் தொழில் சட்டமும் தேசிய நீர்ச் சேவை ஆணையச் சட்டமும் வந்தன. இதன் விளைவாகக் குழாய்க்குள் வந்த நீரின் தரமும் கட்டணமும் கூட்டரசின் மேற்பார்வைக்குள் வந்தாலும், குழாய்க்கு வெளியே ஆற்றிலும் அணையிலும் உள்ள மூலநீரின் மீதான அதிகாரம் மாநிலத்திடமே நிலைத்தது. ஜொகூரில் அவ்வதிகாரத்தின் வேர் 1921ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் இருக்கிறது. மாநிலத்தின் நீர்வளங்களை இன்று மேற்பார்வையிடும் அமைப்பு ‘பாக்காஜ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜொகூர் நீர் ஒழுங்குமுறை வாரியம். வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் சுத்திகரித்த நீரை விநியோகிப்பது ரான்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனம்.

இவ்வமைப்பு முதலீட்டாளருக்கு உணர்த்தும் முதற்செய்தி, நிலப்பட்டா வைத்திருப்பதால் மட்டும் நிலத்துக்கு அடியில் உள்ள நீரையோ அருகில் ஓடும் ஆற்று நீரையோ வணிக அளவில் எடுக்கும் உரிமை வந்துவிடுவதில்லை என்பதாகும். ‘எங்கள் நிலத்தில் ஊற்று இருக்கிறது’ என்று நிறுவனம் சொல்லுமானால், அது நிலவியல் செய்தியாக இருக்கலாம். அந்த ஊற்றிலிருந்து எடுத்து விற்கலாம் என்பதற்கு அது சான்றாகாது.

ஜொகூரில் ஓர் ஆலை நீர் பெறும் வழிகள் மூன்று. மூன்றுக்கும் உரிமையின் தன்மை வேறு. பொதுக்குழாயிலிருந்து நீர் வாங்கும் ஆலை பெரிய வாடிக்கையாளர் என்பதற்கு மேல் எந்தத் தனியுரிமையும் பெற்றதாகாது; பங்கீட்டு முறை வந்தால் அதுவும் வரிசையில் நிற்கும். ஆற்றிலிருந்து மூலநீர் எடுக்கும் ஆலை மாநில உரிமத்தின் அளவுக்கும் கட்டணத்துக்கும் கட்டுப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் ஆலையின் கோப்பில் மாநில இசைவோடு, கிணற்றைத் தோண்டியது பற்றிய பதிவும் இருக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் நிலவியல் ஆய்வுச் சட்டம், கிணறு தோண்டுவோர் அத்தகவலைக் கனிம, புவி அறிவியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எனவே ஆய்வாளர் கேட்க வேண்டிய முதல் வினா, அந்நிறுவனம் இம்மூவழியில் எதைச் சார்ந்திருக்கிறது என்பதே. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைச் சார்ந்திருந்தால், ஒவ்வொன்றின் பங்கும் விழுக்காட்டில் தெரிய வேண்டும்.

3. மாநிலத்தின் நீர்நிலை

உரிமத்தின் உறுதியை அறிய அதை வழங்கும் மாநிலத்தின் நீர்நிலையையும் அறிய வேண்டும். ஜொகூர் ஆற்றின் நீருக்கு நெடுநாளைய முன்னுரிமை ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி சிங்கப்பூர் அந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை, அதாவது ஏறத்தாழ 11 இலட்சத்து 36 ஆயிரம் கன மீட்டர் வரை, 1,000 காலனுக்கு 3 சென் என்ற விலையில் எடுத்துக்கொள்ளலாம். அவ்வுடன்பாடு 2061 வரை நடப்பில் இருக்கும். ஆற்றின் ஓட்டத்துக்குத் துணையாக 1990ஆம் ஆண்டின் உடன்பாட்டின் கீழ் லிங்கியு நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. 2016 அக்டோபரில் அந்நீர்த்தேக்கத்தின் இருப்பு ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஆகஸ்டில், லாயாங், லெபாம் அணைகளில் நீர் குறைந்ததால் ஜொகூர் பாரு, மாசாய், பாசிர் கூடாங் உள்ளிட்ட வட்டாரங்களில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியாவின் அளவு உயர்ந்ததால் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டில் நீர்ப் பஞ்சமா என்று வியப்போருக்கு இந்நிகழ்வுகள் விடை கூறுகின்றன. மழை மிகுதியாக இருந்தாலும், அது பெய்யும் மாதமும் விழும் இடமும் தேங்கும் அணையும் மாசின்மையும் ஒன்றுகூடி வந்தால்தான் ஆலைக்கு நீர் கிடைக்கும்.

இப்போது புதிய போட்டியாளர் ஒருவரும் களத்தில் இருக்கிறார். கூலாய், செடெனாக் பகுதிகளில் எழுந்துவரும் தரவு மையங்கள், அதாவது கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கித் தகவல்களைச் சேமித்துச் செயலாக்கும் நிலையங்கள், வெப்பத்தைத் தணிக்கப் பெருமளவு நீரைக் கோருகின்றன. அவற்றுக்கு அனுமதி வழங்குகையில் நீர்த்தேவையையும் மாநில அரசு கணக்கில் கொள்கிறது. வீட்டுத் தேவை, அண்டை நாட்டு உடன்பாடு, வேளாண்மை, மின்னணுத் தொழில் ஆகியவை வரிசையில் நிற்கும் மாநிலத்தில், இனிப்புப் பானத்துக்கோ போத்தல் நீருக்கோ கேட்கப்படும் கூடுதல் நீர் எந்த இடத்தில் நிற்கும் என்பதை முதலீட்டாளர் தாமே எடைபோட வேண்டும். நிறுவனம் இன்று வைத்திருக்கும் உரிமம் நாளையும் அதே அளவில் புதுப்பிக்கப்படும் என்பது ஓர் எதிர்பார்ப்பு. அதை உறுதிப்பாடாக எழுதும் அறிக்கையை ஐயத்தோடு படிப்பதே முறை.

4. நிலத்தடி நீரும் நான்கு அளவுகளும்

கிளந்தான் நீங்கலாகத் தீபகற்ப மாநிலங்களின் பொது விநியோகம் பெரும்பாலும் ஆற்று நீரையே நம்பியிருப்பதால், நிலத்தடி நீர் பற்றிய பொது அறிவு குறைவு. அவ்வறியாமையே மிகைக் கூற்றுகளுக்கு இடம் கொடுக்கிறது. ஜொகூரின் மலைப்பகுதிகளில் கருங்கல் வகைப் பாறைகள் மிகுதி. அங்கே நீர் பாறையின் வெடிப்புகளில் மட்டும் தங்கும். ஒரு கிணறு ஊற்றெடுத்துப் பாயும்போது சில நூறு மீட்டர் தள்ளித் தோண்டிய மற்றொன்று வறண்டிருப்பதும் உண்டு. கரையோர வண்டல் நிலங்களிலோ மிகையாக இறைத்தால் கடலின் உப்பு நீர் உள்ளே ஊர்ந்து வரும். ஆகவே ஒரு கிணறு நன்றாக இருப்பதைக் காட்டி, இன்னும் ஐந்து கிணறு தோண்டினால் ஐந்து மடங்கு நீர் கிடைக்கும் என்று கூறுவது நிலவியலுக்கு ஒவ்வாது.

இதற்கான சோதனை இறைப்புச் சோதனை எனப்படும். கிணற்றிலிருந்து ஒரே அளவில் பல மணி நேரம், பெரும்பாலும் 72 மணி நேரம், தொடர்ந்து நீரை இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு தாழ்கிறது, இறைப்பை நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு ஏறுகிறது, அருகிலுள்ள கிணறுகளின் மட்டம் பாதிக்கப்படுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்வதே அது. அச்சோதனையிலிருந்து பெறப்படும் அளவு நிலைத்த ஊறல் எனலாம். ஆண்டுக்கணக்கில் எடுத்தாலும் மட்டம் தொடர்ந்து இறங்காத அளவு என்பது அதன் பொருள். சோதனை மழைக்காலத்தில் நடந்ததா வறட்சியில் நடந்ததா, எந்த ஆண்டில் நடந்தது, நடத்தியவர் நிறுவனத்துக்குத் தொடர்பற்ற நிலத்தடி நீரியல் வல்லுநரா என்பவையும் கேட்கத்தக்கவை.

இங்கே நான்கு அளவுகளைப் பிரித்தறிவது இன்றியமையாதது. முதலாவது, உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவு. இரண்டாவது, மூலத்தின் நிலைத்த ஊறல். மூன்றாவது, இன்று உண்மையில் எடுக்கப்பட்டு அளவுமானியில் பதிவாகும் அளவு. நான்காவது, போத்தல் நிரப்பும் இயந்திர வரிசையின் பெயரளவுத் திறன், அதாவது இடைவிடாது ஓடினால் எவ்வளவு நிரப்பலாம் என்று இயந்திரத்தைச் செய்தவர் குறித்த அளவு. பங்கு விற்போர் முன்னிறுத்துவது பெரும்பாலும் நான்காவதையே. ஏனெனில் பணம் கொடுத்தால் எவரும் பெருக்கிக்கொள்ளக்கூடிய எண் அது ஒன்றுதான்.

பெரும் திட்டங்களுக்குக் கூடுதல் வாயில் ஒன்றும் உண்டு. தொழிலுக்காக நாளொன்றுக்கு 4,500 கன மீட்டரோ அதற்கு மேலோ நிலத்தடி நீர் எடுக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்து சுற்றுச்சூழல் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். தவிரவும், இயற்கைக் கனிம நீர் என்று விற்க 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகளின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் தேவை. அது குறிப்பிட்ட நீர்மூலத்தோடு பிணைந்தது. குழாய் நீரையோ பிற நீரையோ சுத்திகரித்து நிரப்புவது பொதிசெய்யப்பட்ட குடிநீர் என்னும் வேறு வகை. கனிம நீரின் விலையில் வருவாயைக் கணித்துவிட்டுக் குடிநீர் உரிமத்தை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கு அடியிலேயே பிழையானது. போத்தலின் மேலொட்டைப் படிப்பவர் இவ்வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்.

5. எடுத்துக்காட்டுக் கணக்கு

இவ்வளவுகள் எவ்வாறு ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதைக் கற்பனையான ஓர் ஆலையின் கணக்கால் விளக்கலாம். அவ்வாலையின் இயந்திர வரிசை மணிக்கு அரை லிட்டர் போத்தல் 30,000 நிரப்புகிறது என்றும், நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது என்றும் கொள்க. அதன் அன்றாட உற்பத்தி 3 இலட்சம் லிட்டர், அதாவது 300 கன மீட்டர். ஆனால் ஒரு லிட்டர் பானம் செய்ய ஒரு லிட்டர் நீர் போதாது. கழுவுதல், வடிகட்டியில் ஒதுங்கும் நீர், குழாய்களைத் தூய்மை செய்தல் ஆகியவற்றுக்கும் நீர் செலவாகும். ஒரு லிட்டர் பானத்துக்கு மொத்தம் செலவாகும் நீரின் அளவு நீர்ப்பயன் விகிதம் எனப்படும். கோக்கா கோலா தன் உலகளாவிய ஆலைகளுக்கு அண்மை ஆண்டுகளில் அறிவித்த விகிதம் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கற்பனை ஆலைக்கு 1.6 என்று தாராளமாகவே கொண்டாலும், நாளொன்றுக்கு 480 கன மீட்டர் தேவை.

இனி அந்நிறுவனம் இரண்டாவது வரிசையை நிறுவி உற்பத்தியை இரட்டிப்பாக்குவதாக அறிவித்துப் பங்கு வெளியிடுகிறது என்க. இரட்டிப்பான உற்பத்திக்கு 960 கன மீட்டர் தேவை. அதன் உரிமம் 600 கன மீட்டருக்கு. இறைப்புச் சோதனை காட்டிய நிலைத்த ஊறலோ 500 கன மீட்டர். உரிமத்தை மட்டும் பார்ப்பவர் உற்பத்தி 375 கன மீட்டர் வரை, அதாவது 25 விழுக்காடு வளரலாம் என்பார். ஊறலையும் பார்ப்பவர் 312 கன மீட்டருக்கு மேல் வளர முடியாது என்று காண்பார். நூறு விழுக்காட்டு வளர்ச்சி என்ற கூற்று, நீரின் முன்னிலையில், நான்கு விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது இயந்திர வரிசை மெய்யாகவே வாங்கப்படலாம்; புதிய கொட்டகை மெய்யாகவே எழலாம்; படங்களும் பொய்யாக இரா. எனினும் அவ்வரிசை ஆண்டின் பெரும்பகுதி ஓடாது நிற்கும், அதற்கு வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஓடும்.

இக்கணக்கைச் செய்யுமுன் எல்லா அளவுகளையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். உரிமம் மாதத்துக்கு இத்தனை கன மீட்டர் என்றும், இயந்திரம் மணிக்கு இத்தனை போத்தல் என்றும், பழைய ஆவணம் காலனிலும், விளம்பரம் ஆண்டுக்கு இத்தனை கோடி லிட்டர் என்றும் பேசும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். மலேசிய ஆவணங்களில் வரும் ஆங்கிலக் காலன் 4.546 லிட்டர். நாளொன்றுக்குக் கன மீட்டர் என்ற ஒரே அலகில் நான்கு எண்களையும், இயந்திரத் திறனை மட்டும் நீர்ப்பயன் விகிதத்தால் பெருக்கி, வரிசையாக எழுதி, இன்று எடுக்கும் அளவு நீங்கலாக மற்ற மூன்றுள் சிறியதைக் கண்டுபிடித்தால், நிறுவனத்தின் உண்மையான எல்லை தெரிந்துவிடும்.

6. விரிவாக்கக் கூற்றைச் சரிபார்த்தல்

விரிவாக்கம் பற்றிய அறிக்கைகளில் வினைச்சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘திட்டமிடுகிறது’, ‘புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்திட்டது’, ‘விண்ணப்பித்தது’, ‘ஒப்புதல் பெற்றது’, ‘கட்டி முடித்தது’, ‘உற்பத்தி தொடங்கியது’ ஆகிய ஆறும் ஆறு வெவ்வேறு நிலைகள். முதல் மூன்றும் பொதுவாக எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. ஒப்புதல் பெற்றதாகக் கூறினால், எந்த அதிகாரியிடமிருந்து, எந்தத் தேதியில், எந்த நிபந்தனையோடு என்று கேட்கலாம்.

ஜொகூரில் ஆலை விரிவாக்கம் ஒன்று கடந்து செல்லும் வாயில்கள் பல. நில அலுவலகத்தில் உரிய கட்டணம் செலுத்தி அதிகாரபூர்வ நிலத்தேடல் செய்தால், நிலம் யார் பெயரில் உள்ளது, முழு உடைமையா குத்தகையா, குத்தகையில் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது, வங்கிக்கு அடமானமா, பயன்பாட்டு வகை வேளாண்மையா தொழிலா என்பவை தெரியும். ரப்பர் அல்லது செம்பனைத் தோட்ட நிலத்தில் ஆலை கட்ட, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின் கீழ் பயன்பாட்டு வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் காலமும் கூடுதல் கட்டணமும் ஆகும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். பங்குதாரர் நிதி 25 இலட்சம் ரிங்கிட்டை எட்டிய, அல்லது 75 முழுநேர ஊழியர்களைக் கொண்ட உற்பத்தி நிறுவனத்துக்கு 1975ஆம் ஆண்டின் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டத்தின் கீழ் உற்பத்தி உரிமம் தேவை. கட்டடம் முடிந்தபின் நிறைவு, இணக்கச் சான்றிதழ் இல்லாமல் அதில் குடியேற இயலாது.

கழிவுநீரும் விரிவாக்கத்தின் பகுதியே. 2009ஆம் ஆண்டின் தொழிற்கழிவுநீர் ஒழுங்குவிதிகள், பொதுக் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் கழிவை விடும் ஆலைகளுக்கு ‘ஏ’ தரம் என்னும் கடுமையான அளவையும், ஏனையவற்றுக்கு ‘பி’ தரத்தையும் விதிக்கின்றன. சர்க்கரை கலந்த பானத்தின் கழிவு ஆற்றின் உயிர்வளியை உண்ணும் தன்மையது. உற்பத்தி பெருகினால் சுத்திகரிப்பு நிலையத்தையும் பெருக்க வேண்டும். விரிவாக்கச் செலவில் அதற்கு ஒதுக்கீடு இல்லையெனில் கணக்கு முழுமையானது அன்று.

பொதுமக்களிடம் பங்கு வெளியிடும் நிறுவனம் சட்டப்படி பதிவான விளக்க ஏட்டை வெளியிட வேண்டும். நிறுவனத்தின் தொழில், உரிமங்கள், சொத்துகள், இடர்கள், திரட்டும் பணத்தின் பயன் ஆகியவற்றைக் கூறும் ஆவணம் அது. அதில் பொய்யோ தவறாக வழிநடத்தும் கூற்றோ இடம்பெறுவதை 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம் குற்றமாக்குகிறது. உரிமங்களின் பட்டியல், உற்பத்தித் திறனும் அதில் உண்மையில் பயன்பட்ட விகிதமும், இடர்க்காரணிகள் ஆகிய மூன்று பகுதிகளையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும். இருக்கும் திறனில் 55 விழுக்காடே பயன்படும் ஆலை எதற்காகப் புதிய வரிசை கேட்கிறது என்ற வினா அப்போது தானே எழும். பங்குச் சந்தையில் இடம்பெற்ற பின், திரட்டிய பணம் எதற்கு எவ்வளவு செலவாயிற்று என்று காலாண்டு அறிக்கைகள் காட்டும். விரிவாக்கத்துக்கென ஒதுக்கிய தொகை ஆண்டுக்கணக்கில் செலவழியாமல் கிடப்பதோ, அன்றாடச் செலவுக்கு மாற்றப்படுவதோ நோக்கத்தக்கது. பேராக்கின் தைப்பிங்கில் வளர்ந்து ஜொகூரின் யோங் பெங்கிலும் ஆலை கொண்டுள்ள ஸ்பிரிட்சர் 2000ஆம் ஆண்டு முதல் பங்குச் சந்தையில் இருப்பதால், போத்தல் நீர்த் தொழிலின் செலவும் இலாபமும் எவ்வாறு அமையும் என்பதை அறிய அதன் பழைய ஆண்டறிக்கைகளைப் பொது அளவுகோலாகக் கொள்ளலாம். சந்தையில் இடம்பெறாத நிறுவனமாயின், மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் கட்டணம் செலுத்தி அதன் இயக்குநர்கள், கணக்குகள், சொத்தின் மீதுள்ள கடன் பொறுப்புகள் ஆகியவற்றைப் பெறலாம்.

7. நான்கு நிகழ்வுகள்

தமிழகத்தை அடுத்த கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கோக்கா கோலாவின் ஆலை தொடங்கியது. கிணறுகள் வற்றியதாகவும் நீர் கெட்டதாகவும் குறைகூறி 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தில் இறங்கினர். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொது நம்பிக்கைச் சொத்து என்றும் அதை மிகையாக எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை இல்லை என்றும் தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை எடுக்க இடம் கொடுத்தது. சட்டத்தில் நிறுவனம் வென்றதுபோல் தோன்றினும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் இயங்கவில்லை. உயர்மட்டக் குழு ஒன்று 2010இல் ஊராருக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. 2017இல் அங்கே உற்பத்தியைத் தொடரும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்தும் ஆலை ஓடாமல் போகலாம் என்பது இதன் பாடம்.

உத்தரப் பிரதேசத்தின் வாரணாசியை அடுத்த மெஹ்திகஞ்சில் நடந்தது நேரடியாக விரிவாக்கம் பற்றியது. நிலத்தடி நீர் நெருக்கடியில் இருந்த அவ்வட்டாரத்தில், ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெரிதாக்கச் சுமார் 2.5 கோடி டாலர் மதிப்பில் திட்டமிட்ட அதே நிறுவனம், அனுமதிகள் காலத்தில் கிடைக்கவில்லை என்று கூறி 2014 ஆகஸ்டில் திட்டத்தைக் கைவிட்டது. அனுமதிக்கு முன்பே விரிவாக்கத்தைக் கணக்கில் கொள்வதில் உள்ள இடரை இது காட்டுகிறது.

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் நிலை வேறு. அங்கே குளிர்பான ஆலைகளுக்கு நீர் கிணற்றிலிருந்து வரவில்லை. தாமிரபரணி ஆற்றிலிருந்து அரசு நிறுவனமே விற்றது. ஆயினும் பொதுநல வழக்கில் 2016 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்விநியோகத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில்தான் தடை நீங்கியது. அரசோடு செய்த ஒப்பந்தமும் மூன்று மாதத்துக்கு மேல் உறங்கக்கூடும் என்பதோடு, அதே மார்ச் முதல் தமிழக வணிகர் அமைப்புகள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்திருந்ததும் கருதத்தக்கது.

மெக்சிகோவின் மெக்சிகாலி நகரில் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் நிறுவனம் சுமார் 140 கோடி டாலரில் மதுபான ஆலை ஒன்றைக் கட்டிவந்தது. வறண்ட அந்நிலத்தில் நீர் பற்றிய எதிர்ப்பு வளர்ந்து, 2020 மார்ச்சில் அரசு நடத்திய மக்கள் வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 76 விழுக்காட்டினர் ஆலைக்கு எதிராக நின்றனர். பெரும்பகுதி கட்டி முடிந்த ஆலை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனம் 66 கோடி டாலருக்கு மேல் மதிப்பிழப்பாகக் கணக்கெழுதியது. அனுமதிகளோடு எழுந்த கட்டடமும், அண்டையில் வாழ்வோரின் இசைவு இல்லையேல், ஏட்டில் மட்டும் சொத்தாக நிற்கும்.

8. சிறு முதலீட்டாளரின் பொறுப்பு

மலேசியத் தமிழர் சேமிப்பை ஒன்று திரட்டி முதலீடு செய்த வரலாறு நீண்டது. பெருந்தோட்டங்கள் துண்டுகளாக்கப்பட்டு விற்கப்பட்டபோது துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு தொகைகளால் தோட்டங்களை வாங்கியது. அங்கே வாங்கிய பொருள் கண்முன் நின்ற நிலமும் மரமும். 1980களில் சுமார் 66,000 பேரிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டிய மைக்கா ஹோல்டிங்ஸ் எதிர்பார்த்த பயனைத் தராமல் முடிந்தது, அச்சமூகத்தின் நினைவில் ஆறாத வடுவாக இருக்கிறது. முதலாவதில் உறுப்பினர் தம் சொத்தை நடந்தே பார்க்க முடிந்தது. இரண்டாவதில் அறிக்கைகளை நம்பியிருக்க வேண்டியிருந்தது. நம்பிக்கை மிகுந்த இடத்தில் வினாக்கள் குறைந்துவிடுகின்றன என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உணர்த்தும் செய்தி.

பான நிறுவனத்தைப் பொறுத்தவரை சிறு முதலீட்டாளர் செய்யக்கூடியவை பல. விளக்க ஏட்டின் வரைவு பதிவுக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் அதைப் படித்துக் கருத்துக் கூறலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீர் உரிமத்தின் முடிவுத் தேதியை எழுத்தில் கேட்கலாம். 2000இல் தோன்றிய சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு இத்தகைய வினாக்களைப் பொதுவில் எழுப்பி வருகிறது. ஆலை இருக்கும் ஊருக்குச் சென்று, வறட்சி மாதங்களில் அங்குள்ள கிணறுகளின் நிலை என்ன, ஆலைக்கு நீர் லாரிகள் வருகின்றனவா என்று கம்பத்து மக்களிடம் விசாரிக்கலாம். சொந்த ஊற்று உடையதாகச் சொல்லும் ஆலையின் வாயிலில் வெளியூர் நீர் லாரி நிற்குமானால், விளக்கம் கேட்பது பங்குதாரரின் உரிமை. விளக்க ஏடு இல்லாமல், குறுஞ்செய்திக் குழுக்கள் வழியும் விருந்து மண்டபக் கூட்டங்கள் வழியும், ‘பங்குச் சந்தைக்கு வருமுன் விலை’ என்று விற்கப்படும் பங்குகளுக்கோ முதல் சோதனையே வேறு: மலேசியப் பங்கு ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அப்பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே அது. பட்டியலில் இல்லை என்பதும் நற்சான்று ஆகாது.

9. முடிவுரை

நீர் உரிமை பற்றிய ஆய்வு பான நிறுவனங்களின் மீது பகைமை கொண்டது எனக் கருதுவது தவறு. மூலத்தை அளந்து, உரிமத்துக்குள் நின்று, ஊராரோடு நீரைப் பகிர்ந்து, விரிவாக்கத்தை அனுமதிக்குப் பின் தொடங்கும் நிறுவனத்துக்கு இவ்வினாக்கள் சுமையாக இரா. அத்தகைய நிறுவனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முதலீட்டாளருக்கு வேறு வழியும் இல்லை. ஜொகூரில் நீரின் தேவை பெருகும் ஒவ்வோர் ஆண்டிலும் உறுதியான உரிமத்தின் மதிப்பு கூடும். உறுதியற்ற உரிமத்தின் மேல் கட்டப்பட்ட பங்கின் மதிப்பு குறையும்.

பங்கு வாங்க எண்ணுவோரிடமும், கூட்டுறவுச் சங்கங்களின் நிதியை முதலீடு செய்யும் பொறுப்பில் உள்ளோரிடமும் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்றே. உரிமத்தின் அளவு, மூலத்தின் நிலைத்த ஊறல், இன்று எடுக்கப்படும் அளவு, இயந்திரத்தின் திறன் ஆகிய நான்கையும் ஒரே அலகில், எழுத்தில், தேதியோடு கேட்டுப் பெறுக. உரிமம், ஊறல், திறன் ஆகிய மூன்றுள் சிறியதைக் கொண்டே நிறுவனத்தின் எதிர்காலத்தை அளந்திடுக. அந்நான்கு எண்களும் கைக்கு வரும்வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.